பனித்துளி உதறல்

குன்சான்
1984 மார்ச் 11

அன்புத் தங்கை சுன்ஓக்குக்கு,

அண்ணன் தாக் கிசு எழுதுவது. ஆசானின் நினைவு நாள் பூசைக்கு நீ வந்துபோன பிறகு இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். உங்கள் குளியலகத்தில் பாய்லரை மாற்றியாகிவிட்டதா? மாப்பிள்ளை மூனுக்கு இடுப்புவலி எப்படி இருக்கிறது?

பெரிய செய்தி ஒன்று. உன் அப்பா, என் ஆசான் யோம் பான்டொல், இந்தக் கூடத்தில் சாகும்வரை சொல்லிக்கொடுத்த தற்காப்புக் கலைக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைக்கப்போகிறது. அக்டோபரில் தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள். எதிர்த் தெரு டேக்வாண்டோக்காரர்கள் நம் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது தெய்வம் கொடுத்தது. இல்லாவிட்டால் அடுத்த வருடம் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

அவர்கள் எதிர்பார்ப்பது கலையின் பழமை. அறுபடாத குரு பரம்பரை. இரண்டையும் நான் ஒழுங்குசெய்துவிட்டேன். ஆசான் இளவயதில் ஜிரி மலைக்குப் போய், குகையில் வாழ்ந்த ஒரு வெண்தாடித் துறவியிடம் ஒன்பது வருடம் பயின்றார் என்று எழுதியிருக்கிறேன். அடிவரிசை போடும்போது காலை ஊன்றும் முன் தரையில் அரைவட்டமாகத் தேய்த்து உதறுவோம் அல்லவா, அதற்கும் பெயர் வைத்தாயிற்று: பனித்துளி உதறல். விடியற்காலையில் பாறைமேல் பயின்ற துறவி, பாதத்தில் ஒட்டிய பனியை உதறியதன் அடையாளம். இதைக் கேட்ட பத்திரிகைக்காரர் ஒருவர் கண்கலங்கிவிட்டார்.

இத்துடன் இருக்கும் தாளில், இதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டதுதான் என்று ஒரே வாரிசான நீ உன் பெயர் முத்திரையை வைத்து அனுப்பினால் போதும். ஓசாகா பேச்சை மட்டும் இனி யாரிடமும் எடுக்காதே, அம்மா.

உன் நலம் நாடும் அண்ணன்,
தாக் கிசு


யோசு
மார்ச் 20

கிசு அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இங்கே தினமும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்து உடம்பைத் தேய்த்து அழுக்கை உருட்டிவிட்டுப் போகிறார்கள். வடிகாலில் அடைத்துக்கொள்வதைக் கையை விட்டு அள்ளுவது நான்தான். அதை அள்ளும்போதுகூட எனக்கு இப்படிக் குமட்டியதில்லை. துறவியாம், குகையாம், பனித்துளியாம்! எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது கொல்லையில் அப்பா முதல் வரிசை சொல்லிக்கொடுத்தார். நான் காலை உதற மறந்துகொண்டே இருந்தேன்.

"ஏம்ப்பா சும்மா சும்மா உதறணும்? கால்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"பன்னி விட்டை இருக்குடி. அதைத் தேய்ச்சு உதறாம அடுத்த அடி வெச்சா வழுக்கிப் பல்லு போயிடும்."

"எங்கே? ஒண்ணும் இல்லையே!"

"இங்கே இல்லை. நான் படிச்ச எடத்துல இருந்துச்சு."

அப்போதுதான் எல்லாம் சொன்னார். ஜப்பானில், ஓசாகாவில் ரப்பர் செருப்புத் தொழிற்சாலையில் கூலி. வாடகைக்கு அறை தேடிப் போனால் 'கொரியர்களும் ரியூக்யூ தீவுக்காரர்களும் வர வேண்டாம்' என்று வாசலிலேயே பலகை. அதனால் நம் ஆட்களும் தெற்குத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஒரே சாக்கடையோரம் குடியிருந்திருக்கிறார்கள். அங்கே பன்றி வளர்த்த ஒரு தீவுக்காரர்தான் அப்பாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர். கொட்டடிக்குப் பின்னால் இருந்த சேற்றில்தான் பாடம். பாடம் முடிந்து போகும்போது அப்பா காலைத் துடைக்கட்டும் என்று கொட்டடிக் கதவில் ஆணி அடித்து ஒரு சாக்குத் துணியை மாட்டி வைத்திருப்பாராம். நாற்றத்தோடு போனால் கூலிக்காரர் விடுதியில் மற்றவர்கள் அப்பாவை உள்ளே விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அந்த மனுஷரைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தாடிக்காரர் ஒருவரை உட்கார வைக்கிறீர்களா? தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முத்திரை கிடையாது.

சுன்ஓக்


குன்சான்
ஏப்ரல் 2

தங்கைக்கு,

உன் கோபம் புரிகிறது. உனக்குத் தெரியாததும் இருக்கிறது.

போர் முடிந்த வருடம் உனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. ஆசான் ஜப்பானில் இருந்து வந்தவர் என்று எவனோ கிளப்பிவிட, ஒருநாள் காலையில் கூடத்துக் கதவில் 'ஜப்பான்காரன் நாய்' என்று தாரில் எழுதியிருந்தார்கள். கத்தியால் சுரண்டியது நான். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் கையில் கல் இருந்தது. ஆசான் வெளியே போய் என்ன சொன்னார் தெரியுமா? "இது நம்ம மண்ணுக் கலைதான்யா. மலையில ஒரு பெரியவர்கிட்டப் படிச்சேன்" என்றார். என் காதால் கேட்டேன். மலையைச் சொன்னது அவர். நான் அதற்குத் தாடி ஒட்டினேன், அவ்வளவுதான்.

இன்றைக்குத் தெருவுக்கு ஒரு கூடம், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் வருடப் பெருமை. நாம் மட்டும் போய் 'பன்றிக் கொட்டடி' என்று சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் மறுநாளே உடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்று. கடைசி வருடம் ஆசான் படுக்கையில் கிடந்தபோது மலம் அள்ளியது யார்? நீ யோசுவில் இருந்தாய். உன் மேல் குறை இல்லை, உனக்குக் குடும்பம் இருக்கிறது. ஆனால் அருவருப்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தாதே.

தாளை மறுபடியும் வைத்திருக்கிறேன்.

தாக் கிசு


யோசு
ஜூலை 17

கிசு அண்ணா,

நீங்கள் அள்ளியது உண்மை. அதற்கு என் உயிர் உள்ளவரை உங்களைக் கும்பிடுவேன். அதை நினைத்துத்தான் மூன்று மாதமாகப் பதில் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தாளை முத்திரை வைத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

அப்புறம் போன வாரம் குன்சானுக்கு வந்தேன். நீங்கள் தலைநகருக்குப் போயிருந்தீர்கள். கூடத்தில் உங்கள் மூத்த மாணவன் ஜோங்யுல்தான் இருந்தான். பூசையன்று சமையலறையிலேயே கிடந்த என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளை சேர்க்க வந்த அம்மா என்று நினைத்துக்கொண்டான்.

அப்பா படம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு மேலே புதிதாக ஓர் ஆணி அடித்து, ஒரு பெரிய கிழவர் படம்.

"யாருப்பா இவரு?"

"எங்க ஆதி ஆசான்மா. ஜிரி மலைத் துறவி. நூத்தி இருபது வயசு வரைக்கும் பல்லு விழாம இருந்தாராம்."

"இவர்கிட்டப் படிச்சவர் படம் இங்கே இருந்துச்சே?"

"அதுவா? அதுல அவரு ஜப்பான்காரன் மாதிரி உடுத்தியிருக்காருன்னு கிசு அண்ணன் எடுத்துட்டாரு. கக்கூஸ் பக்கத்துல துடைப்பம் வைக்கிற ரூம்ல கெடக்கு."

கக்கூஸ் பக்கத்தில். துடைப்பத்தோடு. மலம் அள்ளிய அதே கையால் கொண்டுபோய் அங்கே வைத்தீர்களா, அண்ணா?

படத்தை எடுத்துக்கொண்டேன். பையன் தடுக்க வந்தான். நான் பார்த்த பார்வையில் ஒதுங்கிவிட்டான்.

போகும்போது துறவியைத் திரும்பப் பார்த்தேன். இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறுத்தியது. பேருந்து நிலையத்துக்கு நடக்கும் வழியில் சந்தையில் பதில் உட்கார்ந்திருந்தது. கருவாட்டுக் கடைக் கிழவர்! தாடி மட்டும்தான் இல்லை.

"ஐயா, உங்களை யாராவது படம் வரைஞ்சாங்களா?"

அவருக்கு ஒரே வெட்கம். "அதை ஏம்மா கேக்குற! சினிமா பேனர் வரையற பய வந்து உட்கார வெச்சான். சிரிக்காதே சிரிக்காதேன்னு உசிரை வாங்கிட்டான். எதுக்குன்னு சொல்லவே இல்லை. படம் நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. பிள்ளைங்க எல்லாம் தினமும் உங்களை விழுந்து கும்பிடுதுங்க."

"என்னையா? எதுக்கு? கருவாட்டுக்கா?"

சந்தையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசு வரை அழுதுகொண்டே வந்தேன்.

அடி விழும் என்று பயந்து அப்பா ஒரு நாள் பொய் சொன்னார். நீங்கள் மாலை விழும் என்று தினமும் சொல்கிறீர்கள். இரண்டும் ஒன்று என்று எனக்கு எழுதாதீர்கள்.

சுன்ஓக்


குன்சான்
ஆகஸ்ட் 26

சுன்ஓக்குக்கு,

இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். வேலை முடிந்தது.

நேற்று யோசுவுக்கு வந்திருந்தேன். நீ உன் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். மாப்பிள்ளை நல்ல மனுஷர். துறைமுகத்துக் கடையில் விலாங்கு சுட்டுச் சாப்பிட்டோம், சோஜு மதுவும் கொஞ்சம் உள்ளே போனது. குடும்பத் தலைவர் என்ற முறையில் அவரிடம் பொறுமையாக விளக்கினேன். உன் முத்திரை பாய்லர் அறை இழுப்பறையில்தான் இருந்தது. அவரே எடுத்துத் தாளில் வைத்துக் கொடுத்தார்.

கூடத்தில் மாட்டியிருக்கும் குரு பரம்பரைப் பலகையில் உன் பெயர் இல்லை என்று உனக்கு உள்ளூர வருத்தம் இருக்கலாம். பெண் பெயர் போட்டால் அலுவலகத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். புரிந்துகொள்.

தாக் கிசு


யோசு
செப்டம்பர் 1

கிசு அண்ணா,

த்தூ!

பலகையில் என் பெயரைப் போடுங்கள் என்று நான் எப்போது கேட்டேன்? கருவாட்டுக்காரருக்குக் கீழே என் பெயர் எதற்கு?

உங்கள் நல்ல மனுஷர் ஒரு வாரமாகப் பாய்லர் அறையில் படுத்துக்கொள்கிறார்.

"ஒரு சின்ன முத்திரைதானேடி, உசிரா போச்சு?" என்றார்.

"விலாங்கு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். வாயைப் பொத்திக்கொள்ளவாவது தெரிய வேண்டாமா மனுஷருக்கு?

அப்பா படத்தை அவர் எதிரில் கொண்டுபோய் வைத்தேன். "உங்க மாமனார் இவர். இவருக்கு ஆசான் கருவாட்டுக் கடைக்காரர்னு நீங்க சாட்சி சொல்லியிருக்கீங்க" என்றேன். அப்புறம்தான் மனுஷருக்கு முகம் தொங்கியது. அவர் தொட்ட முத்திரையைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுத்தேன். இன்னும் தொடப் பிடிக்கவில்லை.

ஆனது ஆகிவிட்டது. அலுவலகத்துக்கு எழுதி உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். அப்பாவின் கடைசி நாட்களுக்காக அந்த ஒன்றை உங்களுக்கு விட்டுத்தருகிறேன்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். அதிகாரிகள் வரும் அன்று நானும் வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன், அப்பா மேல் ஆணை. முதல் வரிசையை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்ட விடுங்கள். அவர் மகளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சுன்ஓக்


குன்சான்
செப்டம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தின் முதல் எழுத்தை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

தாராளமாக வா. ஆசானின் மகளே வந்து வரிசை போட்டால் அதிகாரிகள் நெகிழ்ந்துபோவார்கள். மாப்பிள்ளையையும் அழைத்து வா. உனக்கு மலைவாசிகள் அணிவது போன்ற சணல் உடை தைக்கச் சொல்லியிருக்கிறேன். மாணவர்களுக்கு நீளமுடி டோப்பாவும் வந்துவிட்டது.

அண்ணன் கிசு


குன்சான்
அக்டோபர் 29

சுன்ஓக்,

கூடம் இன்னும் நாறுகிறது. சலவை சோடா, சுண்ணாம்பு, வினிகர் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. மழை வந்தால் பலகை இடுக்கிலிருந்து மறுபடி கிளம்புகிறது. அண்டை வீட்டுக்காரர்கள் என்னிடம் பேசுவதில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். வாயைத் திறக்கவே இல்லை. அதிகாரிகள் உட்கார்ந்து பார்லி நீரைக் கையில் எடுத்த நேரத்தில், உன் புருஷன் பின்கதவு வழியாகப் பெரிய வாளிகளோடு வந்தான். நான் பலகாரம் என்று நினைத்தேன். என் அறிவை என்ன சொல்ல! அத்தனையையும் நடுத்தரையில் கவிழ்த்துவிட்டு, "பன்னி விட்டைங்க, இன்னைக்குக் காலையில எடுத்தது" என்று ஏதோ காய்கறி விற்கிறவன் மாதிரி சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டான். பெரிய அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். சின்னவர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

ஜோங்யுல் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதில் இறங்கி வரிசையைத் தொடங்கினான். இரண்டாவது அடியில் மல்லாந்தான். டோப்பா தனியாக உருண்டது. அவனைத் தூக்கப் போனவனும் விழுந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

அப்புறம் நீ. சணல் உடையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினாய். அடி வைத்தாய், தேய்த்தாய், உதறினாய். மறுபடி அடி. ஒரு தடவை உதறியதில் ஒரு கட்டி பறந்துபோய்த் துறவியின் தாடியில் ஒட்டிக்கொண்டது. நாற்காலிமேல் நின்றவர், "அடடே, இதுக்குத்தானா அந்த உதறல்!" என்றார். அவர் எழுதி வைத்திருந்த பனித்துளியைப் பேனாவால் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

உன்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் நானும் இறங்கினேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பாராட்ட இறங்கவில்லை. ஓடி வந்த வேகத்துக்கு நான் குப்புற விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. என் கால் என்னைக் கேட்காமல் தேய்த்தது, உதறியது, அப்புறம் ஊன்றியது. இத்தனை வருடமாகச் சுத்தமான தரையில் உதறியிருக்கிறேன், ஒன்றும் விழுந்ததில்லை. அன்றைக்கு விழுந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். உன்னைத் தள்ளுவது மறந்துபோனது. நீ வரிசையை முடித்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பழமைக்கு ஆதாரம் போதவில்லையாம். பாதிப் பிள்ளைகள் எதிர்த் தெருவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் உதறும்போது கெக்கலி கொட்டிச் சிரிக்கிறார்கள். ஆனால் இப்போதுதான் அவர்களுக்குக் கால் சரியாக விழுகிறது. இதைச் சொல்ல எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. துறவி படத்தைக் கருவாட்டுக்காரர் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் கடையில் மாட்டிவிட்டார். இரண்டு ஆணியும் காலியாகக் கிடக்கின்றன. காலையில் பிள்ளைகள் வெறும் சுவரைக் கும்பிடும்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆசான் படத்தைக் கொண்டுவந்து கொடு. மேல் ஆணிக்கு, அந்தத் தீவுக்காரர் பெயர் என்ன? படம் கிடைக்காது, தெரியும். பெயரையாவது எழுதி மாட்டுகிறேன்.

தாக் கிசு


யோசு
நவம்பர் 6

கிசு அண்ணா,

விட்டையை அள்ளி லாரியில் ஏற்றியதும் உங்கள் மாப்பிள்ளைதான். முத்திரை குத்திய கைக்கு அது தண்டனை. இப்போது வீட்டுக்குள் படுத்துக்கொள்கிறார். இன்னும் லேசாக நாறுகிறார்.

எனக்கும் உங்கள் மேல் அருவருப்பு போகவில்லை. துடைப்பத்து அறை நினைவுக்கு வரும்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் நினைவு நாளுக்கு அப்பா படத்தைக் கொண்டுவருகிறேன். நீங்களே மாட்டுங்கள். மாட்டும் முன் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

தீவுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அப்பா அவரை "அண்ணே" என்று மட்டும்தான் கூப்பிடுவாராம். ஒருத்தர் பெயரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளாமலே இருந்துவிட்டார்களாம். இல்லாத பெயரை நீங்கள் எழுதி மாட்டிவிடாதீர்கள், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மேல் ஆணியில் ஒரு சாக்குத் துணியை மாட்டுங்கள். பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு, பாடம் முடிந்ததும் அதில் காலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

சுன்ஓக்